சாரமும் கணிப்பொறியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் சவுக்குக் கம்புகளை நட்டு, கயிற்றால் பிணைத்து, நடுவே பலகை போட்டுச் சாரம் கட்டியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டடம் முடிந்ததும் சாரத்தை அவிழ்த்துவிடுவார்கள். புதுமனை புகும் நாளில் அதை நினைப்பவர் எவரும் இல்லை. ஆனால் என்னால் மறக்க முடியாது. என் தந்தையார் கொத்தனார். என் தாயார் அவருடன் சித்தாளாகச் சென்றவர்.

சாரம் கட்டி முடித்ததும் என் தந்தையார் உடனே யாரையும் ஏறவிட மாட்டார். ஆள் உயரத்துக்கும் குறைவாக இருக்கும் முதல் தட்டில் தாமே ஏறி நின்று குதிப்பார். பிறகு பலகையின் மீது மணல் மூட்டைகளை அடுக்கச் சொல்லுவார். “நாளைக்கு ரெண்டு பேரு நிக்கப்போற எடத்துல இன்னைக்கு நாலு பேரு பாரத்தை ஏத்திப் பாத்துடணும். அறுந்தா இன்னைக்கே அறுந்துட்டுப் போகட்டும்” என்பார். சிறு வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டில், வேறொருவர் கட்டி, எவரும் சோதித்துப் பாராமல் விட்ட சாரத்திலிருந்து என் தாயார் விழுந்தார். இன்றும் அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. அதன் பிறகு அது எனக்கு வேடிக்கையாகத் தோன்றியதில்லை.

இந்தச் சாரத்துக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் ஒரு கணிப்பொறிக்கு ஐந்து பேர் என்ற கணக்கு. விசைப்பலகையைத் தொட்ட நேரத்தைவிட, பிறர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த நேரமே அதிகம். ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் தனியாக ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மேலோங்கி நின்றது. ‘இதைக் கெடுத்துவிட்டால் யார் பணம் கட்டுவது?’ என்பதுதான் என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம்.

மூன்றாம் பருவத்தில் எங்களுக்கு ‘இயக்க முறைமை’ ஒரு பாடம். செய்முறை வகுப்பில் பதிவெண் வரிசைப்படி எனக்குக் கிடைத்தது 17ஆம் எண் கணிப்பொறி. தொடக்கத்தில் நன்றாகவே இயங்கும். நிரலை எழுதி, வேறு இரண்டு மூன்று சாளரங்களையும் திறந்து, அரை மணி நேரம் ஆகும் வேளையில் திடீரென்று நின்றுவிடும். சுட்டி நகராது. எழுத்து விழாது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் மீளும். அதற்குள் நான் எழுதியது போயிருக்கும். ஒருமுறை அன்று, இருமுறை அன்று, மூன்று வகுப்புகளில் தொடர்ந்து இதே கதை. “நீ உட்கார்ந்தாத்தாம்மா அது நின்னு போகுது” என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்த குடும்பத்துக் கைகளுக்கு இந்த வேலை வராது போலும் என்று தோன்றியது. பருவத் தேர்வின் செய்முறைக்கும் அதே வரிசைதான், அதே 17தான்.

அன்றிரவு, வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்று தந்தையாரிடம் கேட்டேன். நடந்ததை அவர் முழுவதும் கேட்டார். கணிப்பொறியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. “ஏங்கண்ணு, சாரம் ஆடுனா ஏறுனவ மேலயா குத்தம்? கட்டு எங்க தளந்து கெடக்குதுன்னு பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியையிடம் சென்று சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆய்வகப் பதிவேட்டை எடுத்து, முந்தைய ஆண்டில் 17ஆம் எண்ணில் அமர்ந்தவர்களின் பெயர்களைப் பார்த்தார். மூவர் இருந்தனர். பழுது என்று எவரும் எழுதவில்லை. அவர்களுள் ஓர் அக்காவைத் தேடிப் போய்க் கேட்டேன். “எனக்கும் அப்படித்தான் நிக்கும். நான்தான் ஏதோ தப்பா அழுத்துறேன்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல” என்றார். அவருடைய தந்தையாரும் கூலி வேலை செய்பவரே. நண்பர்களே, அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு பாடப் புத்தகத்துக்குச் சமம்.

“ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், சோதித்துப் பார்ப்போம்” என்றார் பேராசிரியை. அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். இயக்க முறைமை என்பது வேலைத்தளத்து மேஸ்திரியைப் போன்றது. செயலியை எந்த நிரல் எவ்வளவு நேரம் பயன்படுத்துவது, நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், வட்டில் எழுதுவதில் யார் முந்தி யார் பிந்தி என்பதையெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. ஆள் குறைவாக உள்ள நாளில் எந்த மேஸ்திரியும் திறமைசாலியாகத்தான் தெரிவார். கூட்டம் நெருக்கும் நாளில்தான் உண்மை வெளிப்படும். வழக்கமான சுமையை ஏற்றி, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. வழக்கத்தை மீறிய சுமையை ஏற்றி, எங்கே தளர்கிறது, தளர்ந்தபின் மீண்டு வருகிறதா என்று பார்ப்பது வேறொரு சோதனை. இந்த இரண்டாவதைத்தான் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்கிறார்கள். அழுத்தச் சோதனை என்று நாம் சொல்லலாம்.

இச்சோதனையில் கணிப்பொறி விரைவாக இயங்குகிறதா என்பது கேள்வி அன்று. சுமை ஏறினால் வேகம் குறையத்தான் செய்யும். நின்றுவிடாமல் இருக்கிறதா? எழுதி வைத்ததைப் பிழையாகத் திருப்பித் தருகிறதா? சுமையை இறக்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா? இம்மூன்றுமே கேள்விகள்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வகத்தில் கூடினோம். பேராசிரியை, ஆய்வக உதவியாளர் அண்ணன், என் தோழி, நான் ஆகிய நால்வர். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது லினக்ஸ். அதற்கு ‘ஸ்ட்ரெஸ் என்ஜி’ என்ற ஒரு நிரல் விலையின்றிக் கிடைக்கிறது. கோலின் இயான் கிங் என்பவர் உருவாக்கியது. செயலி, நினைவகம், வட்டு என்று எதை வருத்த வேண்டுமோ அதைக் குறிப்பிட்டு, எத்தனை நிமிடம் என்றும் சொல்லிவிட்டால் போதும். அது ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

தொடங்குமுன் இரண்டு வேலைகள் செய்தோம். முதலாவது, 17இல் இருந்த மாணவர் கோப்புகளை எல்லாம் வேறிடத்தில் படியெடுத்து வைத்தோம். இரண்டாவது, பெட்டியைத் திறந்து விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தோம். செயலி முழு மூச்சாக உழைக்கும்போது வெப்பம் மிகும். வெளியேற வழி இல்லாவிட்டால் அந்த வெப்பமே அதை நிறுத்திவிடும். பிறகு எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. இன்னொன்றும் செய்தோம். 17 மட்டும் அல்லாமல், அதே மாதிரியைச் சேர்ந்த பக்கத்துக் கணிப்பொறியான 16இலும் அதே சோதனையை நடத்துவதென்று முடிவு செய்தோம். வேதியியல் ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்காக ஒரு குழாயைத் தனியே வைப்போமே, அதைப் போல.

முதலில் செயலிக்கு மட்டும் அரை மணி நேரம் சுமை கொடுத்தோம். இரண்டும் தாங்கின. அடுத்து வட்டில் எழுதி அழிக்கும் வேலை அரை மணி நேரம். இரண்டும் தாங்கின. எனக்குக் கலக்கம் ஏற்பட்டது. கணிப்பொறி நன்றாக இருந்தால் குற்றம் என்னுடையது என்றுதானே ஆகும்? மூன்றாவதாக நினைவகத்தை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு கணிப்பொறியிலும் 4 ஜிகாபைட் நினைவகம். 2 ஜிகாபைட் கொண்ட ‘ரேம்’ இரண்டு. அதில் பெரும்பகுதியை நிரப்பி, எழுதியதையே மீண்டும் படித்து ஒப்பிட்டுப் பார்க்குமாறு கட்டளை கொடுத்தோம். பதினோராம் நிமிடத்தில் 17இன் திரையில் ஒரு வரி தோன்றியது: எழுதியது ஒன்று, படித்தது வேறு. சற்று நேரத்தில் சுட்டி நின்றது. எனக்கு நன்கு பழகிப்போன அந்த மௌனம்! ஆனால் இம்முறை விசைப்பலகையில் யாருடைய கையும் இல்லை.

16 அதே சோதனையை இரண்டு மணி நேரம் பிழையின்றித் தாங்கியது. உள்ள நினைவகத்துக்கும் மேலாகவே அதனிடம் கேட்டுப் பார்த்தோம். அப்போது அது தள்ளாடியது உண்மை. நினைவகம் போதாமல் வட்டிலும் நினைவகத்திலுமாகத் தரவுகளை மாற்றி மாற்றி வைப்பதிலேயே அதன் நேரம் எல்லாம் கழிந்தது. இந்நிலையை 1968ஆம் ஆண்டிலேயே பீட்டர் டென்னிங் என்ற அறிஞர் தம் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார் என்று பேராசிரியை சொன்னார். முடிவில் இயக்க முறைமையே ஒரு முடிவெடுத்தது. மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சோதனை நிரலை நிறுத்தி, மற்றவற்றைக் காப்பாற்றியது. சுமையை இறக்கியதும் 16 பழையபடி இயங்கியது.

இனி 17இல் குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் இரண்டு ரேம்களையும் கழற்றி, அவற்றின் முனைகளை எழுத்தழிக்கும் ரப்பரால் தேய்த்து, மீண்டும் பொருத்திப் பார்த்தோம். பிழை மாறவில்லை. பிறகு ஒரு ரேமை மட்டும் எடுத்துவிட்டுச் சோதித்தோம். 17 பிழையின்றி ஓடியது. எடுத்த ரேமை 16இல் பொருத்தினோம். அதுவரை மலைபோல் நின்ற 16 கால் மணி நேரத்தில் நின்றுபோயிற்று! பிழை அந்த ரேமோடு கூடவே இடம் பெயர்ந்தது. இதற்கு மேல் சான்று வேண்டுமா? இயக்க முறைமையும் குற்றமற்றது. என் விரல்களும் குற்றமற்றவை.

அரை மணி நேரம் நன்றாக இயங்கி, பிறகு ஏன் நிற்கிறது என்ற புதிருக்கும் விடை கிடைத்தது. சிறு நிரல் ஒன்று மட்டும் இயங்கும்போது நினைவகத்தின் ஒரு பகுதியே பயன்படுகிறது. பழுதுபட்ட இடம் பெரும்பாலும் தொடப்படுவதில்லை. சாளரங்கள் பெருகப் பெருக அந்த இடத்திலும் தரவு வந்து அமர்கிறது. நான் விரைவாகவும் அதிகமாகவும் வேலை செய்த நாள்களில்தான் அது நின்றிருக்கிறது. என் குறை என்று எண்ணி நான் வெட்கப்பட்டது உண்மையில் என் உழைப்பின் அடையாளமாக இருந்திருக்கிறது!

அதன் பின்னர் இப்பொருள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இரண்டு செய்திகள் என்னை மிகவும் கவர்ந்தன.

1969 ஜூலை 20ஆம் நாள் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அதன் கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. அதன் தற்காலிக நினைவகம் வெறும் 2048 சொற்கள் கொண்டது. இறங்குவதற்குத் தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து வந்த குறிகள் அதன் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஆனால் அது முடங்கிவிடவில்லை. முக்கியமல்லாத வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கு வேண்டிய கணக்குகளை மட்டும் விடாமல் செய்தது. மார்கரெட் ஹாமில்டன் முதலானோர் அத்தகைய உறுதியோடு அதன் நிரல்களை அமைத்திருந்தனர். அதற்குச் சில நாள்களுக்கு முன், பூமியில் நடந்த ஓர் ஒத்திகையில் இதைப் போன்ற ஓர் எச்சரிக்கையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் தேவையின்றிப் பயணத்தைக் கைவிடுமாறு ஆணையிட்டுவிட்டார்கள். அதன் பிறகே எல்லா எச்சரிக்கைகளுக்கும் பொருள் எழுதிய பட்டியலைத் தயாரித்து வைத்தார்கள். உண்மையான நாளில் அந்தப் பட்டியல்தான் கைகொடுத்தது. ஒத்திகையில் தோற்றதால் நிலவில் வென்றார்கள்.

மற்றொன்று, 1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம். சில நாள்களில் அதன் கணிப்பொறி தானாகவே மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாயிற்று. முன்னுரிமை குறைந்த ஒரு பணி, பொதுவான ஒரு வளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்னுரிமை மிக்க பணி அதற்காகக் காத்துக் கிடக்க நேர்ந்ததே காரணம். பூமியில் இருந்த மாற்றுக் கலத்தில் அதே நிலையை மீண்டும் உண்டாக்கிக் காரணத்தைக் கண்டறிந்து, திருத்தத்தை வானொலி வழியே அனுப்பினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, புறப்படுமுன் நடந்த சோதனைகளிலேயே இப்பிழை தலைகாட்டியிருந்தது என்பதுதான். மீண்டும் நிகழச் செய்ய முடியாததால் காரணம் அகப்படவில்லை. எதிர்பார்த்ததைவிட மிகுதியான தரவு செவ்வாயில் கிடைத்தபோது அது வெளிப்பட்டது. நல்ல காலத்தின் சுமையையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்!

சுமை மட்டுமன்றி, காலமும் ஒரு சோதனையே. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில், நிறுத்தாமல் 49.7 நாள்கள் ஓடினால் உறைந்துபோகக்கூடிய பிழை ஒன்று இருந்தது. மில்லி விநாடிகளை எண்ணும் 32 பிட்டு எண்ணி 4,29,49,67,296ஐ எட்டி மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பியதே காரணம். ஒரு நாள் சோதனையில் அது எப்படித் தெரியும்?

ஆகவே இச்சோதனைக்கும் எல்லை உண்டு. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே அன்றி, பிழையே இல்லை என்று நிறுவ முடியாது என்பது டைக்ஸ்ட்ரா என்னும் டச்சுக் கணிப்பொறி அறிஞரின் கருத்து. என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது, “அதுக்குத்தான் தெனமும் காலையில கட்டைத் தொட்டுப் பாக்கறது” என்றார். அறிஞர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

பழுதான ரேமுக்குப் பதிலாக, கழித்துப் போட்டிருந்த கணிப்பொறி ஒன்றிலிருந்து வேறொன்றை எடுத்துப் பொருத்தினோம். அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. ஆறு மணி நேரம் சோதித்த பிறகே ஏற்றுக்கொண்டோம். நவம்பரில் செய்முறைத் தேர்வு வந்தது. அதே 17இல் அமர்ந்தேன். மூன்று மணி நேரம் அது நிற்கவில்லை. நான் எழுதிய நிரலில் ஒரு பிழை இருந்தது. அது என் பிழைதான். அமைதியாகத் தேடித் திருத்தினேன். தன் பிழை எது, பிறிதின் பிழை எது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது.

இப்போது எங்கள் ஆய்வகப் பதிவேட்டில் ‘நிலை’ என்று ஒரு புதிய கட்டம் போடப்பட்டிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் கணிப்பொறி எப்படி இயங்கியது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். சிறிய கட்டம்தான். அது முன்பே இருந்திருந்தால் மூன்று மாணவர்கள் ஓராண்டு காலம் தங்களையே நொந்துகொண்டிருக்க வேண்டியிருந்திராது.

என்னைப் போல் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் தம்பி தங்கையருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஏதேனும் ஒன்று நின்றுபோனால் உடனே உங்கள் கைகளைச் சந்தேகிக்காதீர்கள். அதற்காகக் கணிப்பொறியின் மீதே பழியைப் போட்டுவிடவும் வேண்டாம். இரண்டுமே சோதித்துப் பாராமல் சொல்லும் தீர்ப்புகள். பதிவேட்டில் எழுதுங்கள், ஆசிரியரிடம் கேளுங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதியுங்கள்.

தேர்வு முடிந்த அன்று மாலை, வேலைக்களைப்போடு வாசற்படியில் அமர்ந்திருந்த தந்தையார், “அந்தப் பதினேழாம் நம்பரு தாங்குச்சா கண்ணு?” என்று கேட்டார். “தாங்குச்சுப்பா” என்றேன். உள்ளே அடுப்பருகில் இருந்த அம்மா, இடது கையால் பரணில் இருந்த தூக்குச்சட்டியை எடுத்து, அன்று காலையிலேயே செய்து வைத்திருந்த கடலை உருண்டையை எனக்குக் கொடுத்தார்.